முதல் "கல் உருட்டி" வாங்குகிறீர்களா? அவசரம் வேண்டாம்; தூசி வேண்டவே வேண்டாம்!

(நமது ஜீவனஹள்ளி நிருபர்)

டம்ளர் என்றால் நமக்குக் காபி குடிக்கும் பாத்திரம். கடைக்காரர் "ராக் டம்ளர்" என்று சொன்னால் அது வேறு. கரடுமுரடான கற்களை ஒரு சிறிய பீப்பாயில் போட்டு, தண்ணீரும் சாணைப்பொடியும் சேர்த்து, இரவு பகலாக உருட்டி, வழவழப்பாகவும் பளபளப்பாகவும் ஆக்கும் பொறி அது. தமிழில் "கல் உருட்டி" என்று சொல்லிக் கொள்ளலாம்.

ஆறு எத்தனையோ காலம் எடுத்துக்கொண்டு செய்கிற வேலையை இந்தப் பொறி ஒரு மாதத்தில் செய்கிறது. மேல்நாடுகளில் பிள்ளைகளுக்கு அறிவுப் பொருளாகவும் பெரியவர்களுக்குப் பொழுதுபோக்காகவும் இருக்கும் இது, இணையக் கடைகள் வழியாக நம் வீட்டு வாசலுக்கும் வருகிறது.

ஜீவனஹள்ளியில் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் ஒரு குமாஸ்தா, சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதல் கல் உருட்டியை வாங்க நினைக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். எந்த வகை வாங்குவது? எவ்வளவு பெரியது? எந்தக் கல்லைப் போடுவது? பக்கத்து வீட்டார் சண்டைக்கு வராமல் ஓட்ட முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் உள்ளவர்களின் நெஞ்சுக்குக் கேடு வராமல் இருக்க என்ன வழி? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்துகொண்டு பணத்தை எடுப்பது நல்லது.

குருந்தம் நம் சொல்

கல்லைத் தேய்த்து மெருகேற்றுவது தமிழனுக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கும் கொடுமணல், சங்க காலத்தில் மணி செய்யும் ஊராக விளங்கியது. பதிற்றுப்பத்து அதைக் "கொடுமணம்" என்று குறிப்பிடுகிறது. 1985-ல் தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு நடத்தியது. நீலக்கல், படிகம், அகேட், சூதுபவளம் முதலிய கற்களில் செய்த மணிகள் கிடைத்தன. முழுதும் முடிந்த மணிகளோடு அரைகுறையாக நின்றுபோனவையும் கிடைத்ததால், அவை அங்கேயே செய்யப்பட்டவை என்று தெரிந்தது.

மணியைத் தேய்க்க அதைவிடக் கடினமான பொடி வேண்டும். அந்தக் காலத்தில் அதற்குப் பயன்பட்ட கல் குருந்தம். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. ஆங்கிலத்தில் "கொரண்டம்" என்று எழுதுகிறார்களே, அது நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

1890-களில் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் மின் உலையில் சிலிக்கன் கார்பைடு என்ற கடினமான பொருளைச் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் "கார்போரண்டம்". அந்தப் பெயரின் வாலிலும் நம் குருந்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று கல் உருட்டியில் போடும் சாணைப்பொடி இதுதான். 1954-ல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரிலும் அதே சொல் இருப்பதைக் காணலாம்.

கம்பாத் நகரின் பாடம்

கல்லுக்கு மெருகேற்றுவதில் இந்தியாவில் பேர்போன ஊர் குஜராத்தில் உள்ள கம்பாத். பரூச் மாவட்டத்தில் ரத்தன்பூர் பக்கத்தில் தோண்டியெடுக்கும் அகேட் கற்கள் அங்கே வருகின்றன. அவற்றை வெயிலில் காயவைத்து, சட்டியில் இட்டுச் சாண எருவின் நெருப்பில் சூடாக்குவார்கள். மங்கலாக இருந்த கல் சிவந்து சூதுபவளம் ஆகும். பிறகு இரும்பு முளையின்மேல் வைத்து, கொம்பால் செய்த சுத்தியலால் தட்டி உருவாக்குவார்கள்.

முற்காலத்தில் இந்த மணிகளுக்கு மெருகேற்ற அவர்கள் செய்த ஏற்பாடு வேடிக்கையானது. தோல் பையில் மணிகளையும் சாணைப்பொடியையும் போட்டு, தண்ணீர் ஊற்றி வாயைக் கட்டுவார்கள். பையைச் சுற்றி ஒரு வாரைப் போட்டு, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றி இழுப்பார்கள். பத்துப் பதினைந்து நாள் பை உருண்டபின் மணி பளபளவென்று வெளியே வரும். இன்றைய கல் உருட்டிக்கு இந்தத் தோல் பையைத்தான் பாட்டன் என்று சொல்ல வேண்டும். அதே கல், அதே பொடி, அதே தண்ணீர். ஆள் இழுத்த இடத்தில் மோட்டார் வந்திருக்கிறது.

ஆனால் அந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. மின்சாரத்தில் சுழலும் சாணைச் சக்கரத்தில் கல்லை உலர்வாக வைத்துத் தேய்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி கிளம்பியது. அதைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் தடித்துப் போயிற்று. சிலிக்கோசிஸ் என்பது அந்த நோயின் பெயர். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் கம்பாத் தொழிலாளர்களைப் பல முறை பரிசோதித்து இந்த நோய் இருப்பதை உறுதி செய்திருக்கிறது. சக்கரத்தின் பக்கமே போகாத அக்கம்பக்கத்தாரையும் அது தொட்டிருக்கிறது.

சிலிக்கோசிஸ் வந்தால் போகாது. அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் சேர்ந்துகொள்ளும் ஆபத்தும் அதிகம்.

ஆகவே முதல் விதி இது: வேலை முழுவதும் தண்ணீருக்குள், மூடிய பீப்பாய்க்குள் நடக்க வேண்டும். கல் உருட்டியோடு சேர்த்து ஒரு சிறிய அறுப்புச் சக்கரம் அல்லது கைச் சாணை வாங்கினால் தள்ளுபடி என்று கடைக்காரர் சொல்லலாம். ஒரே அறையில் சமையலும் படுக்கையும் பிள்ளையின் பாடமும் நடக்கும் வீட்டுக்கு அந்தத் தள்ளுபடி வேண்டவே வேண்டாம்.

இரண்டு வகை

கல் உருட்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்று சுழல்வது; மற்றொன்று அதிர்வது.

சுழலும் வகையில் பீப்பாய் இரண்டு தண்டுகளின்மேல் படுத்தபடி மெதுவாக உருளும். கல்லின் முனைகள் தேய்ந்து உருண்டை ஆகும். எல்லாக் கட்டமும் முடிய நான்கு வாரம் ஆகும். அதிர்வு வகையில் கிண்ணம் கிடுகிடுவென்று ஆடும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கல்லின் உருவம் அதிகம் மாறாது. ஏற்கனவே உருவம் வந்த கல்லுக்கு மெருகேற்றத்தான் அது சிறந்தது. விலையும் கூடுதல். தினமும் தண்ணீரைக் கவனிக்கவும் வேண்டும்.

காலையில் ஒன்பது மணிக்கு ஆபீஸ் போய் இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறவருக்குச் சுழலும் வகையே ஏற்றது.

வேகம் அதிகமாக இருந்தால் நல்லது என்று எண்ணக் கூடாது. இட்லிக்கு மாவு அரைப்பவர்களுக்கு இது புரியும். மிக்சி சீக்கிரம் அரைக்கும்; கிரைண்டர் மெதுவாகத்தான் அரைக்கும்; பதம் எதில் வரும் என்று வீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பீப்பாய் அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றினால் கற்கள் மேலே போய் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அடிபடும், விளிம்பு சிதறும். இன்னும் வேகம் கூடினால் பீப்பாயின் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், தேயவே தேயாது. கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து வழுக்க வேண்டும். சிறிய பீப்பாய்க்கு நிமிடத்துக்கு 30 முதல் 60 சுற்று போதும்.

அளவு என்ன?

முதல் பொறிக்கு மூன்று பவுண்டு அளவுள்ள பீப்பாய் பொருத்தமானது. மூன்று பவுண்டு என்றால் 1.36 கிலோ. கல், தண்ணீர், பொடி எல்லாம் சேர்ந்த எடை அது. கல் மட்டும் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே பிடிக்கும்.

இதைவிடச் சிறிய விளையாட்டுப் பொறிகளில் கல் சரிந்து விழ இடம் இல்லை. மிகப் பெரியது வாங்கினால் அதை நிரப்பக் கல்லும் பொடியும் கிலோக் கணக்கில் வாங்க வேண்டும். பீப்பாய் மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்திருந்தால்தான் வேலை நடக்கும் என்பதை மறக்கக் கூடாது.

பீப்பாய் ரப்பரில் ஆனதா, பிளாஸ்டிக்கில் ஆனதா என்று கேளுங்கள். ரப்பர் பீப்பாய் சத்தத்தை விழுங்கும். கல்லுக்கும் அடி குறைவு. பிளாஸ்டிக் பீப்பாய் ராத்திரி முழுவதும் கடகடவென்று இரையும். ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் நாம், அந்தப்பக்கம் இன்னொரு குடும்பம் என்று இருக்கும் வளவில் இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

மோட்டாரும் மின்சாரமும்

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பொறி என்றால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் படியுங்கள். அங்கே மின்சாரம் 110–120 வோல்ட், 60 சைக்கிள். இங்கே 230 வோல்ட், 50 சைக்கிள். அப்படியே செருகினால் மோட்டார் புகைந்துவிடும். தனி அடாப்டரில் ஓடுவது என்றால், அடாப்டரில் "100–240 வோல்ட்" என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை.

மின் கட்டணம் எவ்வளவு வரும்? 25 வாட் மோட்டார் என்று வைத்துக் கொண்டால் ஒரு நாளைக்கு 0.6 யூனிட். 28 நாளும் நிற்காமல் ஓடினால் 16.8 யூனிட். வீட்டுக்காரரிடம் மீட்டருக்குச் சேர்த்துப் பணம் கட்டுகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மின்வெட்டு வந்தால் பொறி கெட்டுப் போகாது. நின்ற நேரத்தைக் கணக்கில் கழித்துக் கொண்டால் போதும்.

எஸ்.பி. ரோட்டில் பழைய மோட்டார் வாங்கி, இரண்டு தண்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வைத்து நாமே செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்களும் உண்டு. கை வேலை தெரிந்தவர் செய்யலாம். ஆனால் தையல் மெஷின் மோட்டாரும் மிக்சி மோட்டாரும் விட்டுவிட்டு ஓடுவதற்காகச் செய்தவை. ஒரு மாதம் ஓயாமல் ஓட்டினால் சூடேறித் தீப்பிடிக்கும். தொடர்ந்து ஓடும் மோட்டார்தான் வேண்டும். பெல்ட்டுக்கு மூடியும், பிளக்கில் எர்த் கம்பியும் அவசியம். பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும். முதல் பொறியை மட்டும் கடையில் வாங்கி, அதில் பழகியபின் இரண்டாவதைச் செய்துபார்ப்பதே புத்திசாலித்தனம்.

மாற்று பெல்ட் ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இந்தப் பொறியில் முதலில் தேய்ந்து அறுவது பெல்ட்தான்.

எந்தக் கல்?

பெங்களூர் பாறைக்குப் பேர் போன ஊர். லால்பாக் குன்றின் பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. அதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே ஒரு சில்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது. மேலும் அந்த வகைப் பாறையும் கருங்கல்லும் கல் உருட்டிக்கு அவ்வளவாக ஒத்து வராது. கடினமான படிகமும் மிருதுவான அப்பிரகமும் அதில் கலந்திருக்கின்றன. மிருதுவானது முதலில் தேய்ந்து குழி விழும். மெருகு ஒரே சீராக வராது.

ஜீவனஹள்ளிக்காரர்களுக்கு உடனே கண்ணில் படுவது பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்துப் பக்கம் தண்டவாளத்தில் கிடக்கும் ஜல்லி. அதில் கை வைக்க வேண்டாம். ரயில்வே சொத்தை எடுப்பது 1966-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தண்டவாளத்தில் இறங்குவது உயிருக்கும் ஆபத்து. அந்த ஜல்லிக்கு முனை கூராக இருப்பதில்தான் பெருமை. ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு தண்டவாளத்தை நகரவிடாமல் பிடிப்பது அந்த முனைதான்.

பழகுவதற்கு நல்ல கல் படிக இனம். அகேட், சூதுபவளம், ஜாஸ்பர் ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. நம் ஊர்ப்பக்கம் காட்டிலும் மேட்டிலும் கிடக்கும் வெள்ளை வெங்கச்சாங்கல்லும் படிகமே. தர்மபுரி, சேலம், திருப்பத்தூர் பக்கம் ஊருக்குப் போகிறவர்கள் சொந்த நிலத்தில் பத்துக் கல் பொறுக்கிக்கொண்டு வரலாம்.

கல்லைச் சோதிப்பது எளிது. பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் கல் மிருது. விழாமல் கத்தியின் இரும்பு கல்லில் கோடாக ஒட்டினால் கல் கடினம். ஜெர்மானிய அறிஞர் மோஸ் 1812-ல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் படிகம் 7-வது இடம், குருந்தம் 9-வது இடம், வைரம் 10-வது இடம். கிட்டத்தட்ட ஒரே கடினம் உள்ள கற்களைத்தான் ஒன்றாகப் போட வேண்டும். கடினக் கல்லோடு மிருதுக் கல்லைப் போட்டால் மிருதுக் கல் கரைந்துவிடும்.

விரிசல் உள்ள கல்லைக் கண்டுபிடிக்க ஒரு வழி: நனைத்துத் துடைத்துவிட்டுப் பாருங்கள். கல்லின் மேல் காய்ந்தபிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகத் தெரிந்தால் அங்கே விரிசல். அந்தக் கல் பீப்பாய்க்குள் உடைந்து மற்றவற்றையும் கீறும். பேர் தெரியாத பச்சைக் கற்களையும், ஈயம்போல மின்னும் கற்களையும், நார்நாராகப் பிரியும் கற்களையும் போடவே கூடாது. செம்பு, ஈயம், கல்நார் ஆகியவை உடம்புக்கு ஆகாதவை.

நான்கு வாரம், நான்கு பொடி

பொடிகள் எண்களால் குறிக்கப்படுகின்றன. எண் கூடக் கூடப் பொடி நைசாகும்.

முதல் வாரம் 60/90 எண் கொண்ட பருமணிப் பொடி. இரண்டாம் வாரம் 120/220. மூன்றாம் வாரம் 500. நான்காம் வாரம் மெருகுப் பொடி. முதல் மூன்றும் சிலிக்கன் கார்பைடு. மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு, அதாவது குருந்தத்தின் அதே ரசாயனப் பொருள். அல்லது கண்ணாடிக்கு மெருகேற்றப் பயன்படும் சீரியம் ஆக்சைடு.

ஒரு பவுண்டு கல்லுக்குச் சுமார் இரண்டு மேசைக்கரண்டி பொடி. தண்ணீர் கல்லின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். முதல் வாரம் முடிந்தும் கல்லில் பள்ளம் இருந்தால் புதுப் பொடி போட்டு முதல் கட்டத்தையே மறுபடி ஓட்டலாம். இங்கே அவசரப்பட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால், கடைசியில் பள்ளமும் பளபளப்புமாகக் கல் வரும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே கல்லையும் பீப்பாயையும் மூடியின் இடுக்கையும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். முதல் கட்டத்துப் பருமணி ஒன்றிரண்டு மெருகுக் கட்டத்தில் கலந்தாலும் மூன்று வார வேலை பாழ். கையில் பணம் இருந்தால் மெருகுக்கென்று தனிப் பீப்பாய் ஒன்று வாங்கிக் கொள்ளலாம்.

சில கற்கள் உருளும்போது பீப்பாய்க்குள் வாயு உண்டாகும். ஓரிரு நாளுக்கு ஒரு முறை பொறியை நிறுத்தி மூடியைத் திறந்து மூடினால் பீப்பாய் உப்பாது.

சேறு எங்கே போவது?

கழுவும்போது வரும் சாம்பல் நிறச் சேற்றைக் குளியலறைக் குழியிலோ பாத்திரம் தேய்க்கும் தொட்டியிலோ ஊற்றாதீர்கள். அது குழாய்க்குள் சிமெண்டுபோல இறுகும். ஒரு குழாய் அடைத்தால் வளவில் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் தேங்கும்.

பழைய வாளியில் ஊற்றித் தெளியவிடுங்கள். மேல் தண்ணீரை மண்ணில் கொட்டலாம். அடியில் தங்கிய சேற்றை ஈரமாக இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். அது காய்ந்து பொடியானால் கம்பாத்தில் பறந்த அதே தூசிதான். தரையில் சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

வருமானம் வருமா?

"வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்ற பேச்சை நம்பி இந்தப் பொறியை வாங்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். மூன்று பவுண்டுப் பீப்பாயில் ஒரு கிலோவுக்கும் குறைவான கல். அதிலும் கால் பங்கு வரை தேய்ந்து சேறாகப் போகும். ஒரு மாதம் முடிந்தால் கையில் இருப்பது ஒரு சின்னக் கிண்ணம் நிறையக் கற்கள். கம்பாத்திலும் ஜெய்ப்பூரிலும் மெருகேற்றிய கல்லைக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். அவர்களோடு நம் ஒற்றைப் பீப்பாய் போட்டி போட முடியாது.

ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு, கல் எப்படி உருவாகிறது, எது எதைக் கீறும், ஆற்றுக் கூழாங்கல் ஏன் உருண்டையாக இருக்கிறது என்று கையில் கொடுத்துக் காட்ட இதைவிட நல்ல சாதனம் கிடைப்பது அரிது. பொறுமையும் சேர்ந்து வரும். ஒரு மாதம் காத்திருந்து ஒரு பொருளைப் பார்க்கும் பழக்கம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கிறது?

பணத்தை எடுக்கும் முன்

சுழலும் வகை, மூன்று பவுண்டு, ரப்பர் பீப்பாய், 230 வோல்ட், மாற்று பெல்ட், நான்கு பொடியும் தனித்தனிப் பையில், எண் எழுதியபடி. இத்தனையும் இருந்தால் வாங்கலாம். கையில் உள்ள பணம் முழுவதையும் பொறிக்கே கொடுத்துவிடாமல், ஒரு பங்கைப் பொடிக்கும் நல்ல கல்லுக்கும் ஒதுக்குங்கள். பொறியோடு வரும் பொடி ஒன்றிரண்டு தடவைக்குமேல் காணாது.

பொறியை வைக்க, ஈரம் படாத, காற்றோட்டமுள்ள, குழந்தையின் கை எட்டாத ஒரு மூலை வேண்டும். அடியில் தடித்த ரப்பர் பாயை விரியுங்கள். வாங்கிய அன்றே பக்கத்து வீட்டாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாதக் கடைசியில் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இரண்டு கல் கொடுத்தால், அடுத்த மாதம் ராத்திரிச் சத்தத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.